வராத வண்டியின் நம்பர்

ஒன்றை ஏழால் வகுத்துப் பாருங்கள். சும்மா, ஏதாவது ஒரு காகிதத்தில். தீரவே தீராது. எனக்கு அது தண்டனையாக வந்தது. ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டின பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும்போது, பின்பெஞ்சில் பேசிக்கொண்டிருந்ததற்காக கணக்கு வாத்தியார் என்னை எழுப்பி, "ஒண்ணை ஏழால வகு. மீதி இல்லாம முடிச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றார். நானும் வகுத்தேன். பூஜ்யம் புள்ளி ஒன்று நான்கு இரண்டு எட்டு ஐந்து ஏழு. மறுபடி ஒன்று நான்கு இரண்டு எட்டு ஐந்து ஏழு. நாலு பக்கம் எழுதின பிறகுதான் மனுஷன் நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார் என்று உறைத்தது. அவர் எப்போதோ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. அந்த ஆறு இலக்கத்தின் மேலேயே கோபம். 142857. அதை இரண்டால் பெருக்கினேன். 285714. அதே ஆறு இலக்கம், வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். மூன்றால் பெருக்கினால் 428571. நான்கு, ஐந்து, ஆறு, எதனால் பெருக்கினாலும் அதே ஆறு பேர் கைகோத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வருகிறார்கள், வரிசை மட்டும் மாறுவதில்லை. சரி, ஏழால் பெருக்கு. 999999. அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். யாருமில்லாத வகுப்பில் நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை பள்ளிக்கூட வாட்ச்மேன் பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னது தனிக் கதை.

அன்றிலிருந்து அது என் நம்பர். சிலருக்கு ஒரு சாமி, சிலருக்கு ஒரு நடிகர். எனக்கு இது. பஸ் டிக்கெட்டிலும் தேடுவேன், லாரி மேலும் தேடுவேன். வந்ததே இல்லை.

அறுபதுகளின் கடைசியில் திருவொற்றியூர் தாண்டி ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. கம்பெனி பேர் வேண்டாம். மெயின் லைனிலிருந்து பிரிந்து கம்பெனிக்குள் ஒரு ரயில் பாதை வரும். காலி வேகன்கள் உள்ளே வரும், மூட்டை ஏற்றி வெளியே போகும். உள்ளே வருகிற ஒவ்வொரு வேகனின் நம்பரையும் நடந்துபோய்ப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. பெரும்பாலும் ஐந்து இலக்கம், சிலதுக்கு ஆறு. மழை, வெயில், கந்தக நாற்றம் எதுவானாலும் நடந்துதான் ஆக வேண்டும். சட்டையை எத்தனை தரம் துவைத்தாலும் அந்த நாற்றம் போகாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்தவர் தள்ளி உட்காருவார்.

நம்பர் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒன்பது கழிக்கிறது என்பார்கள். வேகன் முன்னால் நிற்கும்போதே இலக்கங்களை மனசுக்குள் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளிவிட்டு, மிஞ்சினதை நோட்டின் ஓரத்தில் முதலில் எழுதிவிடுவோம். அப்புறம்தான் நம்பரை எழுதுவது. பிறகு பாதையோரத்தில் எங்களுக்கென்று போட்டிருந்த குடிசையில் வந்து உட்கார்ந்து, எழுதின நம்பரை மறுபடி கூட்டி ஒன்பது கழிப்போம். ஓரத்தில் இருப்பதும் இதுவும் ஒத்துப்போனால் சரி. ஏழை ஒன்று என்று எழுதியிருந்தால், மூன்றை எட்டு என்று எழுதியிருந்தால் உடனே மாட்டிக்கொள்ளும். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை. ஒன்பது பொய் சொல்லாது என்று புதிதாக வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

குடிசைக்கு வெளியே ஒரு கரும்பலகை. எந்த வேகனுக்குக் கை பிரேக் பிடிக்கவில்லையோ அதன் நம்பரை தினமும் காலையில் அதில் எழுதி வைப்பேன். எங்கள் பாதை லேசான சரிவு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சக்கரத்துக்குத் தெரியும். அதனால் பலகையில் உள்ள நம்பரைத் தேடிப் போய் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்க ஒரு ஆள் இருந்தான். அவன்தான் என் தோஸ்து. காசிமேட்டுக்காரன். கடலுக்குப் போனால் வாந்தி வருகிறது என்று கம்பெனிக்கு வந்தவன், அதைச் சொல்லி நாங்கள் ஓட்டாத நாளில்லை. எழுத்து ஒன்றும் தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். நான் அவனை மாமு என்பேன், அவன் என்னை நைனா என்பான்.

என் நம்பரைப் பற்றி அவனிடம் சொல்லியிருந்தேன். டீக்கடை பெஞ்சில் சாக்பீசால் பெருக்கிக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. "இன்னா நைனா டபாய்க்கிற, இதுல எதுனா மந்திரம் கீதா?" என்றான். நாலாவது தடவை அவனே பெருக்கிப் பார்த்து, அதே ஆறு நம்பர் சுற்றி வந்ததும், வாயைப் பொத்திக்கொண்டான். அப்புறம் வேகன் வரிசை உள்ளே வரும்போதெல்லாம் "நைனா, உன் ஆளு வந்துகினு கீதா?" என்று கேட்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த நாள் தூறல். முப்பதுக்கு மேல் வேகன் வந்திருந்தது. எனக்குக் காய்ச்சலா, தூக்கக் கலக்கமா என்றெல்லாம் யாரும் பின்னால் கேட்கவில்லை, இரண்டும் இல்லை. நன்றாகத்தான் இருந்தேன். வரிசையின் நடுவில் ஒரு வேகன். பெயிண்ட் உரிந்து, துரு வழிந்து, ஆறு இலக்கம். ஒன்று நான்கு இரண்டு என்று ஆரம்பித்தது. மேலே படித்தேனா என்று கேட்டால், படித்தேன். ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று பதினைந்து வருஷமாகக் காத்திருந்தேனோ அதைத்தான் படித்தேன். கூட்டினேன். இருபத்தேழு. ஒன்பது கழித்தால் மீதி சைபர். ஓரத்தில் சைபர் போட்டேன். 142857 என்று எழுதினேன். பிரேக் சோதிக்கிறவர் அந்த வேகனைக் காட்டி, இதற்குத்தான் பிரேக் பிடிக்கவில்லை என்றார். ஒரு சிரிப்புச் சிரித்தேன் பாருங்கள், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

குடிசையில் மறுபடி கூட்டினேன். மீதி சைபர். ஒத்துப்போச்சு. பலகையில் பெரிதாக எழுதினேன். அவன் வந்ததும் அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "மாமு, என் நம்பர் வந்துடுச்சு! உள்ளதான் நிக்குது, போய்ப் பாரு!" என்றேன். அவன் பலகையைப் பார்த்தான். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தான். "அய்ய, ஆமா! கட்டைய வெச்சிட்டு அத்தத் தொட்டுக் கும்புட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, முட்டுக்கட்டை இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூறலில் போனான்.

அரை மணி கழித்து கூச்சல் கேட்டது. மேலே பத்துப் பேர் ஒரு காலி வேகனைத் தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். அது வந்து கீழே நின்ற வேகனை லேசாக முட்டியது. லேசாகத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கட்டையில்லாத வேகன், பிரேக்கில்லாத வேகன், நகர்ந்தது. அவன் இரண்டு வேகனுக்கு நடுவில் குறுக்கே கடந்துகொண்டிருந்தான். வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் அந்த வேகனிடம் போனேன். அதன் முன்னால் நின்று நம்பரைப் படித்தேன். 142587. மறுபடி படித்தேன். ஐந்து முன்னால், எட்டு பின்னால். இடம் மாறினால் கூட்டல் மாறுமா? அதே இருபத்தேழு. அதே மீதி சைபர். எத்தனை தரம் கழித்தாலும் ஒன்பது இதைக் காட்டிக் கொடுக்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வீடு மாற்றிக்கொண்டால் தெருவில் தலை எண்ணுகிறவனுக்கு என்ன தெரியும். இது எனக்கு எட்டாவது வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. பசித்தது. குடிசைக்குப் போய் டிபன் டப்பாவைத் திறந்து முழுவதும் சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று தெரியாது.

மறுநாள் காலை பலகையைத் துடைத்தேன். தினமும் காலையில் துடைப்பது என் வேலை. அதனால் துடைத்தேன்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைக் கேட்டாராம். "பலகையைப் பாத்தியா?" "பாத்தேன்." "கட்டை வெச்சியா?" "இல்ல சார், அந்த வண்டி..." "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வெச்சியா, இல்லையா?" "இல்ல." அப்புறம் குடிசைக்கு வந்தார். உருண்ட வேகனின் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் வைத்திருந்தார். என் நோட்டைத் திறக்கச் சொல்லி, "பிரேக் இல்லாத வண்டி நம்பரை வாசிங்க" என்றார்.

நோட்டில் எட்டு ஐந்து என்று இருக்கிறது. என் கண் பார்க்கிறது. என் வாய், "ஒன்று, நான்கு, இரண்டு, ஐந்து, எட்டு, ஏழு" என்றது. அவர் தன் காகிதத்தில் ஒரு டிக் போட்டார். "டாலி ஆகுது. உங்க மேல ஒண்ணுமில்ல" என்றார். முதலில் நடந்தது தவறு. இது அயோக்கியத்தனம். இந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரிந்தது, தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. உடம்பில் யாரோ ஊசி போட்டு மரத்துப்போகச் செய்த மாதிரி இருந்தது. பல் பிடுங்கின பிறகு கன்னத்தைத் தொட்டால் அது நம் கன்னம் இல்லையே, அப்படி.

பலகையில் நம்பர் இருந்தும் கட்டை வைக்க மறந்தான், அதனால் தன் காலுக்குத் தானே பொறுப்பு என்று எழுதி அவனை வேலையிலிருந்து எடுத்தார்கள். இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம். அதில் நம்பர் இல்லை, 'மேற்படி வண்டி' என்றுதான் இருந்தது. அவனுக்கு அதைப் படித்துச் சொன்னதும் நான்தான். கூசாமல் படித்தேன்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அவன் வீட்டுக்குப் போவேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. கால் போகும். காசிமேட்டில் ஒரு சந்து, இரண்டு பக்கமும் வலை காயும், தரையோடு தரையாக ஒரு அறை. நான் கொண்டுபோகிற பன்னை அவன் தின்பான், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் மனைவி கூடை தூக்க ஆரம்பித்திருந்தாள். விடியற்காலையில் மீன் எடுத்து தெருத்தெருவாக விற்றுவிட்டு மத்தியானம் வருவாள். வந்ததும் கூடையை இறக்கும்போதே பேச்சும் இறங்கும். "ஒரு கட்டை. ஒரே ஒரு கட்டைய வெக்க மறந்துட்டு குந்திகினு கீது பாரு. சோறு துன்ன மறக்குதா? இல்ல. பீடி மறக்குதா? இல்ல." அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். அவள் திட்டுவது அவனுக்குச் சரி என்றுதான் பட்டது. "கண்ணு தவறிப்போச்சு நைனா, கண்ணு முன்னாடி நின்னுகினு இருந்துருக்கு, நான் பாக்காம உட்டுட்டேன்" என்பான். நான் பன் காகிதத்தை நாலாக மடிப்பேன், எட்டாக மடிப்பேன்.

ஒரு நாள் சாக்பீஸ் கேட்டான். பலகைக்கு வாங்கின சாக்பீசில் ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு போனால் தரை முழுக்க நம்பர். என் நம்பர். "குந்து குந்து" என்று என்னை இழுத்து உட்கார வைத்தான். "நடுவுல ரெண்டா வெட்டு. நூத்தி நாப்பத்திரெண்டு. எட்நூத்தி அம்பத்தேழு. கூட்டு. இன்னா வருது? தொள்ளாயிரத்தி தொண்ணூத்தொம்போது! மூணா வெட்டு. பதினாலு, இருவத்தெட்டு, அம்பத்தேழு. கூட்டு. தொண்ணூத்தொம்போது! இத்த நீ எனக்குச் சொல்லவே இல்லியே!" எனக்கே தெரியாது என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எத்தனை வருஷம் இதைக் கையில் வைத்திருந்தேன், எனக்குத் தோன்றவில்லை. காலில்லாமல் தரையில் உட்கார்ந்தவனுக்குத் தோன்றியிருக்கிறது. எட்டால் பெருக்கினால் ஏழு இலக்கம் ஆகிவிடுகிறதே என்று அவனுக்கு வருத்தம். 1142856. அதற்கும் அவனே வழி கண்டுபிடித்திருந்தான். முன்னால் துருத்திக்கொண்டிருக்கிற ஒன்றைப் பிடுங்கி கடைசியில் உள்ள ஆறோடு கூட்டு, ஏழாகிவிடும், பழைய நம்பரே திரும்பி வந்துவிடும். "எங்க ஓடினாலும் வூட்டுக்கு வந்துடுது நைனா" என்றான்.

நான் தலையை ஆட்டினேன். அப்புறம் அவன் சாக்பீசைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றான். "அந்த வண்டி எங்க பூட்ச்சி?"

"எந்த வண்டி?"

"உன் நம்பர் வண்டி. நான் அன்னிக்கு மொத வண்டிலேர்ந்து கடேசி வண்டி வரிக்கும் பாத்தேன். இல்ல. சரி, எதிர்ப்பக்கம் இருந்து பாத்தா தெரியும்னு நடுவுல பூந்தேன். அத்த ஒரு தபா பாத்துடணும்னுதான் பூந்தேன். எங்க நின்னுகினு இருந்துச்சி அது? நான் எப்படிப் பாக்காம உட்டேன்?"

குறுக்கே கடந்தவன் எதற்காகக் கடந்தான் என்று இத்தனை மாதத்தில் நான் ஒரு தரமும் யோசித்திருக்கவில்லை. ஏதோ அவசரம் என்று நினைத்திருந்தேன். கட்டை வைக்காமல் விட்டதற்கு மட்டும்தான் நான் காரணம் என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினதும் நான்தான். அன்றைக்கு மரத்துப்போனது அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. அப்பாடா, இதாவது வலிக்கிறதே என்று இருந்தது.

சாக்பீசை எடுத்து அவன் நம்பருக்குக் கீழே எழுதினேன். 142587.

"இதுதான் நின்னுச்சு மாமு. அது வரவே இல்ல. நான் மாத்திப் படிச்சு மாத்தி எழுதினேன். பலகையில இருந்தது இல்லாத வண்டி. விசாரணையில நோட்டுல இருந்ததை மாத்தி வாசிச்சதும் நான்தான். நீ ஒண்ணும் மறக்கல."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்து சாக்பீசை வாங்கினான். அடிப்பானோ என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் அந்தப் புது நம்பரை இரண்டால் பெருக்கினான். 285174. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். "ஆறு பேரும் கீறாங்க" என்றான் மெதுவாக. "வரிசதான் கலீஜா கீது." மூன்றால் பெருக்கினான். 427761. ஏழு இரண்டு தரம் வந்துவிட்டது, ஐந்தையும் எட்டையும் காணோம், எங்கிருந்தோ ஒரு ஆறு. "இது வேற வண்டிதான்" என்றான். உள்ளங்கையால் அதை அழித்தான். மேலே இருந்த என் நம்பரை அழிக்கவில்லை.

"கம்பெனில சொல்லுவியா?"

"நாளைக்கே எழுதிக் கொடுக்கறேன்."

"அது அப்பால. மொதல்ல இவளாண்ட சொல்லு."

மறுநாள் எழுதிக் கொடுத்தேன்தான். என் வேலை போனதும், அவன் பேரில் எழுதினதை மாற்றி வேறு எழுதினதும் எல்லாம் நடந்தது. அதெல்லாம் காகிதம். அன்றைக்கு அந்த அறையில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து, வெளியே கூடை கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டான். "அந்தாண்ட இன்னா வேலை, இங்க வா. நைனா எதோ சொல்லுது."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். "இன்னாண்ணா?" என்றாள். நான் எழுந்து நின்றேன். "நம்பரைத் தப்பா எழுதினது நான்மா. இவன் எல்லா வண்டியையும் தேடியிருக்கான். நான் எழுதின நம்பர்ல வண்டியே இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். காசிமேட்டுத் திட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவன்தான், அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனைப் பார்த்தாள். சுவரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"அப்ப நீ மறக்கலியாய்யா?" என்றாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். ஆஸ்பத்திரியில் அழாதவன், வேலை போன காகிதத்தைப் படித்துச் சொன்னபோதும் அழாதவன், தலையை ஆட்டிக்கொண்டே அழ ஆரம்பித்தான். அவள் போய் அவனைத் தாங்கிப் பிடித்தாள். "இத்தினி நாளு திட்டினேனே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா?" என்று கேட்டுக்கொண்டே அவளும் அழுதாள். நான் வாசலில் கிடந்த என் செருப்பைத் தேடினேன். காலுக்கடியில்தான் இருந்தது, கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று.